உழைத்தவர் உயர்ந்தார் எனில் கொழுந்து பறித்தவர் ஏன் உயரவில்லை?

புலம்பெயர்ந்த தமிழர் கூடும் மண்டபங்களில் பல ஆண்டுகளாக ஓயாது ஒலித்துவரும் பேச்சு ஒன்று உண்டு. பரிசளிப்பு விழாவாயினும், அரங்கேற்றமாயினும், ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடலாயினும், மேடையேறும் பெரியவர் எவராவது அதனைச் சொல்லாமல் இறங்குவதில்லை. "நாம் வெறுங்கையுடன் வந்தோம். இரவு பகலாக உழைத்தோம். பிள்ளைகளைப் படிப்பித்தோம். வீடு வாங்கினோம். எம்மால் முடிந்தது ஏனையோரால் ஏன் முடியாது?" மண்டபம் கைதட்டுகிறது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் கைதட்டுகின்றனர்.

இப்பேச்சின் முற்பகுதியில் எமது பாடுகள் இருக்கின்றன. கோப்பை கழுவியதும், பனியில் பத்திரிகை போட்டதும், இரவு வேலை முடித்துப் பகல் வேலைக்கு ஓடியதும் பொய்யல்ல. அவற்றைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் இறுதியில் வரும் அக்கேள்வி கேள்வியே அன்று. அது ஒரு தீர்ப்பு. வறியவர் வறியவராக இருப்பதற்கு அவரே காரணம் என்பது அத்தீர்ப்பு. அந்த "ஏனையோர்" யாவர் என்பதும் மண்டபத்தில் உள்ள அனைவருக்கும் தெரியும். அரச வீட்டில் வாழும் வெள்ளையர், கறுப்பினத்தவர், எமக்குப் பின் வந்த சோமாலியர், மெதுவான குரலில் சொல்லப்படும்போது எம்மிலேயே "முன்னேறத் தெரியாத" சிலர். இத்தீர்ப்பு வறுமையைப் பற்றிப் பொய் சொல்கிறது. அதைவிட மோசமாக, எம்மைப் பற்றியும் பொய் சொல்கிறது. இந்த இரண்டு பொய்களையும் எமது பிள்ளைகள் பாடமாகக் கற்கின்றனர் என்பதாலேயே இக்கட்டுரை.

உழைப்பு ஒன்றே உயர்வைத் தரும் என்பது விதியாயின், உலகத் தமிழரில் மிக உயர்ந்த நிலையில் இன்று இருக்கவேண்டியவர் யார்? மருத்துவரும் கணக்காளரும் அல்லர். மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த பெண்களே இருக்கவேண்டும். 1820களில் கோப்பிப் பயிருக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அம்மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்ட பின்னர், பருவத்துக்கு வந்து திரும்பிய கூலிகள் ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்கவேண்டியவர் ஆயினர். விடியலில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பதும், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அட்டை கடிக்கும் சரிவுகளில் ஏறுவதும், நிறை குறைந்தால் அரைப் பேர் மட்டும் போடப்படுவதும் எந்தச் சோம்பேறியின் வாழ்க்கை?

அவர்கள் சேமிக்கத் தெரியாதவர் என்று சிலர் கூறுவர். சேமிக்க இயலாதவாறு அமைக்கப்பட்ட ஓர் ஏற்பாட்டினுள் அவர்கள் வாழ்ந்தனர் என்பதை அவர்கள் அறிவதில்லை. கங்காணி கொடுத்த முற்பணத்தோடு கடன் தொடங்கியது. கப்பற் செலவு, வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறின. "துண்டு" எனப்பட்ட சீட்டு ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவருக்கு அத்தொழிலாளியை அனுப்புவதாகத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. ஆளோடு கடனும் கடனோடு ஆளும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறினர். 1921இலேயே அம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பெண்ணின் கூலியைக் கணவனின் கையில் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பது 1984ஆம் ஆண்டு வரை தோட்டங்களில் இல்லை.

பின்னர் 1948 வந்தது. சுதந்திரம் பெற்ற இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தந்தை அல்லது பாட்டனும் பூட்டனும் இந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. அவ்வேளையில் அமைச்சரவையில் தமிழரும் இருந்தனர் என்பதை எமது மேடைகள் விரைந்து கடந்து சென்றுவிடும். செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்ததற்கு இம்மக்களின் குடியுரிமையே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் அமர்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பகிர்ந்தனர். நாடற்றிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. வாக்கு இல்லாதவனுக்குப் பாடசாலை கட்டிக்கொடுக்க எந்த அரசியல்வாதி ஓடிவருவான்? 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் யாழ்ப்பாணத்தின் கல்வி வளர்ச்சிக்கும் மலையகத்தின் பின்தங்கலுக்கும் இடையே அந்த முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. எவருடைய ஊக்கத்தையும் சோம்பலையும் அளந்து அந்த இடைவெளியை விளக்க முடியாது.

ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காகப் பல ஆண்டுகள் போராடி 2021இல் அதனைப் பெற்றனர். 2024இல் அது 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இடையில் 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்து அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போனதை எண்ணிப் பார்த்தால், அந்த உயர்வில் எவ்வளவு உயர்வு எஞ்சியது என்பது விளங்கும்.

இனி, வறுமையை அளப்பது பற்றி. 1899இல் சீபோம் ரவுன்ட்றீ என்பவர் இங்கிலாந்தின் யோர்க் நகரில் தொழிலாளர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக ஆட்களை அனுப்பி வருமானத்தைக் கணக்கிட்டார். அவர் சொக்கலேற் தொழிற்சாலை முதலாளியின் மகன், புரட்சிக்காரர் அல்லர். உடலில் உயிரும் வலுவும் தங்குவதற்கு வேண்டிய மிகக் குறைந்த செலவைக் கோடாக வரைந்தார். அக்கோட்டில் பத்திரிகைக்கு இடமில்லை, கடிதத்துக்கு முத்திரை வாங்க இடமில்லை, பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்க இடமில்லை. அவ்வளவு கடுமையாக வரைந்தும், 1901இல் வெளியான அவருடைய நூல் நகர மக்களில் 28 வீதமானோர் வறுமையில் வாழ்வதைக் காட்டிற்று. வருமானமே போதாமையால் வறுமையுற்றோரை மட்டும் தனியே பார்த்தபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் வறுமைக்குக் காரணம் குடியுமன்று, சூதுமன்று. குடும்பத் தலைவன் முழுநேரம் வேலை செய்தும் கூலி போதவில்லை என்பதே. வேலை செய்பவனும் வறியவனாக இருக்கலாம் என்ற இச்செய்தி அன்றைய பிரித்தானியக் கனவான்களைத் திடுக்கிட வைத்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் எமது மண்டபங்களுக்கு அச்செய்தி வந்துசேரவில்லை.

கோடு வரைபவரின் கையில் எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதற்கு இலங்கையின் தொகைமதிப்பே சான்று. 2016ஆம் ஆண்டின் அரசக் கணக்கின்படி தோட்டப்புறத்தில் வறியோர் 8.8 வீதம்; நாடு முழுவதிலும் 4.1 வீதம். அமைச்சர்கள் மகிழ்ந்தனர். பின்னர், 2002ஆம் ஆண்டு நுகர்வை வைத்து வரைந்த பழைய கோட்டைக் கைவிட்டு 2012/13ஆம் ஆண்டு நுகர்வை அடிப்படையாகக் கொண்டு புதிய கோடு வரையப்பட்டது. அதன்படி 2019இல் நாட்டின் வீதம் 14.3, தோட்டப்புறத்தின் வீதம் 33.8. மூவரில் ஒருவர். மூன்றே ஆண்டுகளில் அத்தனை பேர் சோம்பேறிகள் ஆகிவிட்டனரா? அதே மக்கள், அதே லயம், அதே கூடை. கோடு மட்டுமே நகர்ந்தது. ஆனால் இவ்விரு கணக்குகளிலும் தோட்டப்புறத்தின் வறுமை நாட்டுச் சராசரியின் இரு மடங்குக்கு மேல் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். 2006/07ஆம் ஆண்டுக் கணக்கிலும் அப்படியே: நாடு 15.2, தோட்டம் 32. தனிமனிதரின் குணத்தால் விளைவது இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை ஒரே நிலப்பரப்பில், ஒரே மக்கட்கூட்டத்தில் நிற்காது.

இளையோர் சிலர் பல்கலைக்கழகத்தில் "வறுமைப் பண்பாடு" என்ற கருத்தைப் படித்துவிட்டு வந்து தமது பெற்றோரின் பேச்சுக்கு நூற்சான்று கிடைத்ததாகக் கருதுகின்றனர். அக்கருத்தை முன்வைத்தவர் ஒஸ்கார் லூயிஸ் எனும் அமெரிக்க மானிடவியலாளர். மெக்சிக்கோவின் வறிய குடும்பங்களோடு பழகி 1959இலும் 1961இலும் நூல்கள் எழுதினார். நாளையைப் பற்றி எண்ணாமை, அமைப்புகளில் நம்பிக்கையின்மை, தாழ்வுணர்ச்சி முதலியவை சேரிகளில் ஒரு வாழ்முறையாகி, சிறுவயதிலேயே பிள்ளைகளிடம் படிந்துவிடுகின்றன என்றார். ஆனால் அவ்வாழ்முறை முதலாளியச் சமூகத்தில் விளிம்புக்குத் தள்ளப்பட்டோர் தம்மைக் காத்துக்கொள்ளக் கண்ட வழி என்பதையும் அவர் சேர்த்தே எழுதியிருந்தார். அரசியல்வாதிகள் முற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியை வீசிவிட்டனர். உளவியலாளரான வில்லியம் றயன் 1971இல் எழுதிய நூலில் இந்தத் தந்திரத்துக்குச் சரியான பெயர் வைத்தார்: பாதிக்கப்பட்டவர் மீதே பழியைப் போடுதல். முதலில் வறியவர் ஏனையோரிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றனர் என்று ஆராய்வது, பின்னர் அந்த வேறுபாட்டையே வறுமையின் காரணமாக அறிவிப்பது.

காலனித்துவ ஆட்சியாளர் இதே தந்திரத்தை எம் மண்ணில் வேறு விதமாகக் கையாண்டனர். தமது வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர மறுத்த சிங்களக் குடியானவரை அவர்கள் சோம்பேறி என்றனர். மலாயாவிலும் சாவகத்திலும் பிலிப்பைன்சிலும் இப்படியே சொல்லப்பட்டதை மலேசியச் சமூகவியலாளர் சயிட் ஹுசைன் அலதாஸ் 1977இல் ஒரு நூலாகவே எழுதிக் காட்டினார். எவர் அடிமாட்டுக் கூலிக்குப் பணிய மறுக்கிறாரோ அவர் சோம்பேறி. எவர் வேறு வழியின்றிப் பணிகிறாரோ அவர் கூலி. இரு பெயர்களும் சூட்டப்படுவது ஒரே கையால். எமது ஊரில் அதற்கு நாமும் ஒரு பெயரைச் சேர்த்தோம். "தோட்டக்காட்டான்." அச்சொல்லைக் கேட்டிராத யாழ்ப்பாணத்தார் எவரேனும் உளரா? வீட்டு வேலைக்கு மலையகச் சிறுமியைக் கொண்டுவந்து வைத்த வீடுகள் எத்தனை என்பதை அவரவர் குடும்பத்து மூத்தோரிடம் பிள்ளைகள் கேட்டுப் பார்க்கட்டும்.

இப்போது எமது வெறுங்கைக்கு வருவோம். 1983 யூலைக்குப் பின்னர் எவர் எவ்வளவு தூரம் சென்றனர்? குடிபெயர்வு ஆய்வாளர் நிக்கலஸ் வான் ஹியர் 2004இல் இலங்கையரையும் கருத்திற்கொண்டு எழுதிய ஆய்வொன்றில் சொன்னது எளிமையானது: போரிலிருந்து தப்புவோர் செல்லும் தூரத்தை அவர்களிடமுள்ள வளமே தீர்மானிக்கிறது. இதற்கு ஆய்வு எதற்கு, எமக்கே தெரியுமே. காணியை ஈடுவைத்து, நகையை விற்று, தமக்கையின் சீதனக் காசைப் புரட்டி முகவரிடம் இலட்சக்கணக்கில் கொடுத்தவர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் வந்தார். ஈடுவைக்கக் காணி இருந்தது, விற்க நகை இருந்தது, கடன் கொடுக்க உறவு இருந்தது, முன்னரே வந்து சேர்ந்த அண்ணன் ஒருவர் வாசலில் நின்றார். படகுக்கு மட்டும் காசு வைத்திருந்தவர் பாக்கு நீரிணையைக் கடந்து மண்டபம் முகாமில் இறங்கினார். தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் மூன்று தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. 2021இல் அவற்றின் பெயர் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. அங்கிருப்போரில் மலையக வழியினர் கணிசமானோர். படகுக்கும் வழியற்றவர் வன்னியில் இருந்தனர்.

அவர்களிலும் பலர் யார் என்று கேட்டால் மீண்டும் மலையகமே விடையாக வரும். 1977 வன்செயலில் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின; காந்தீயம் அமைப்பு அவர்களுக்கு உதவிற்று. நிலமற்ற கூலிகளாக அடுத்தவர் வயலில் நின்றவர் அவர்களே. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தோரில் அவர்களும் இருந்தனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் நாம் ஏற்றும் விளக்குகளில் எத்தனை இம்மக்களுக்கானவை என்று நாம் எண்ணியதில்லை. அவர்கள் அங்கே இருந்ததற்கும் நாம் இங்கே இருப்பதற்கும் காரணம் உழைப்பில் இருந்த வேறுபாடு என்று சொல்ல எவருக்கேனும் நாக்கு வருமா?

சாதியையும் இதில் மறைக்கக் கூடாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே செல்ல உரிமை கேட்டு நின்றவர்களை அடைத்து வைத்த சமூகம் எம்முடையது. குடியிருக்கும் நிலம்கூட அடுத்தவருடையதாக இருந்த குடும்பம் எதை ஈடுவைத்து முகவருக்குக் கொடுக்கும்?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு, பணத்தோடு கல்வியும் பழக்கவழக்கமும் ஆளறிமுகமும் கூட மூலதனமே என்றார். பெட்டியில் வைக்க முடியாத இம்மூலதனத்தை நாம் சுமந்து வந்தோம். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த மாமா, சீட்டுப் பிடித்துத் தந்த ஒன்றுவிட்ட சகோதரன், க.பொ.த. உயர்தரம் வரை படித்த தாய், படிப்பே வழி என்று நம்புவதற்குக் காரணமாக அமைந்த ஊர். இவற்றைக் கொண்டுவந்தவனின் கையை வெறுங்கை என்பது தவறு.

வந்து சேர்ந்த பின்னரும் தனித்து நின்றோமா? சுவிற்சர்லாந்திலும் யேர்மனியிலும் வந்த புதிதில் "சோசல் காசு" எடுக்காத குடும்பங்கள் எத்தனை? கனடாவில் "வெல்பெயர்" எடுத்தபடி ஆங்கிலம் படித்தோம். இலண்டனில் கவுன்சில் வீட்டில் இருந்தபடி அடுத்த வீட்டுக்குச் சேர்த்தோம். பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவும் இலவசப் பாடசாலையும் இலவச மருத்துவமனையும் எமக்காக எவரோ போராடிப் பெற்று வைத்தவை. ஏணியை ஊன்றி வைத்தவர்கள் அந்நாட்டுத் தொழிலாளர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்துத்தான் "அரசாங்கக் காசில் தின்கிறவர்கள்" என்று இன்று எம்மவர் பேசுகின்றனர். காசுக்காகப் பிள்ளை பெறுகிறார்கள் என்ற ஏச்சும் இதில் ஒன்று. 2017 ஏப்ரலில் பிரித்தானிய அரசு, இனிப் பிறக்கும் மூன்றாவது பிள்ளைக்கு வறுமை உதவி இல்லை என்று விதித்தபோது அதை ஆதரித்துப் பேசிய எம்மவரை நான் அறிவேன். ஐந்தாறு சகோதரரோடு பிறந்து, அரசின் கூப்பன் அரிசியில் வளர்ந்தவர்கள்! 2025 நவம்பரில் அரசே அவ்விதியை நீக்குவதாக அறிவிக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பசியோடு பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகள் எவரும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

சட்டமே மனிதரை வறியவராக்கி, பின்னர் அவர்களைச் சும்மா இருப்பவர் என்று ஏசுவதும் உண்டு. தஞ்சம் கோரி ஆறு மாதம் காத்திருந்தவர் வேலைக்கு அனுமதி கேட்கலாம் என்றிருந்த வழியை பிரித்தானியா 2002இல் மூடிற்று. அதற்கு முன் வந்தவர் வேலை செய்து எழுந்தார். பின் வந்தவர் ஆண்டுக்கணக்கில் அறைக்குள் முடங்கினார். இருவரும் ஒரே ஊரார், சில வேளைகளில் ஒரே தாயின் பிள்ளைகள். முன்னவர் பின்னவரைப் பார்த்து "இவனுக்கு உழைக்க மனமில்லை" என்கிறார்.

முடங்கியவர் வயிற்றுக்காக வெளியே வரும்போது எங்கே செல்கிறார்? எமது கடைகளுக்கு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹேர்பேட் கான்ஸ் 1971இல் கசப்பான நகைச்சுவையோடு ஒரு கட்டுரை எழுதினார். வறுமை ஏன் ஒழியவில்லை என்றால், வறியவர் இருப்பதால் வசதியுள்ளோருக்கு நன்மைகள் பல உண்டு என்று வரிசைப்படுத்தினார். எவரும் விரும்பாத வேலையை மலிவாகச் செய்ய ஆள் கிடைக்கும் என்பது அவற்றுள் முதலாவது. எமது மரக்கறிக் கடையின் பின்னறையிலும் எரிபொருள் நிலையத்தின் இரவு முறையிலும் உணவகத்தின் சமையலறையிலும் விசா அற்ற தமிழ் இளைஞர் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே நிற்பதை அறியாதவர் எமக்குள் இல்லை. "நான் இல்லாவிட்டால் இவனுக்கு யார் வேலை கொடுப்பான்" என்று அவ்வேலையைக் கொடுப்பவர் சொல்லும்போது, துரையின் குரலை நான் கேட்கிறேன். இலண்டன் பேரங்காடியில் தேயிலைப் பெட்டி மலிவாக இருப்பதற்கும் இதே கணக்குத்தான்.

பிள்ளைகளின் படிப்பு பற்றியும் ஒன்று. இங்கிலாந்தில் பதினொரு வயதுத் தேர்வில் தேறி இலக்கணப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புவது எம்மவரின் பெருங்கனவு. எட்டு வயதில் ரியூசன் தொடங்குகிறது. வார இறுதிகள் அதிலே கழிகின்றன. தேறிய பிள்ளை "திறமைக்குக் கிடைத்த இடம்" என்று நம்புகிறது. இலவச மதிய உணவு பெறும் வறிய வீட்டுப் பிள்ளைகள் அப்பாடசாலைகளில் மிகக் குறைவு என்பதை அப்பிள்ளைக்கு எவரும் சொல்வதில்லை. திறமையாட்சி எனும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைப் பரப்பிய மைக்கல் யங் 1958இல் அதைக் கேலியாகவே எழுதினார். தேர்வில் வென்றோர் தமது வெற்றிக்குத் தாமே முழுத் தகுதி உடையோர் என்று இறுமாந்து, தோற்றோரை இகழும் ஒரு கொடிய எதிர்காலத்தை அவர் கற்பனை செய்தார். அரசியல்வாதிகள் அதை இலட்சியமாக எடுத்துக்கொண்டதைக் கண்டு 2001இல் வருந்தி எழுதினார். அவருடைய கேலி எமது வரவேற்பறையில் குலதெய்வமாக அமர்ந்திருக்கிறது.

பெற்றோர் சிலர் நியாயமான ஓர் அச்சத்தை எழுப்புவர். இதையெல்லாம் சொன்னால் பிள்ளை படிக்காது, எல்லாவற்றுக்கும் சமூகத்தைக் காரணம் காட்டும் என்று. முயற்சி வேண்டாம் என்று இங்கே எவரும் சொல்லவில்லை. வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். நல்குரவுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். வறுமை எவ்வாறு உண்டாகிறது என்று அறிந்த பிள்ளை படிப்பை விட்டுவிடுவதை நான் கண்டதில்லை. அறியாத பிள்ளையே தேர்வில் ஒருமுறை தவறியதும் தன்னையே குப்பை என்று எண்ணி உடைந்து போகிறது. உயர்வு முழுவதும் தன்னால் என்று கற்பிக்கப்பட்ட மனத்துக்குத் தோல்வியும் முழுவதும் தன்னால்தானே? பரிசளிப்பு மேடையில் ஏறாத பிள்ளைகள் எமது வீடுகளில் எத்தனையோ பேர். அவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அமர்ந்திருக்கின்றனர்.

எமது கொடையையும் சற்றே பரிசோதிப்போம். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் இராப்போசன விருந்து வைத்துப் பணம் சேர்த்து ஊருக்கு அனுப்புகின்றன. நல்ல காரியம். ஆனால் பணம் எங்கே போகிறது? எந்தக் கல்லூரியில் அதிகமானோர் படித்துப் புலம்பெயர்ந்தனரோ அந்தக் கல்லூரிக்கு. முன்னரே நீச்சல் தடாகமும் கணினிக் கூடமும் உள்ள கல்லூரிக்கு மேலும் ஒரு மண்டபம் எழும்புகிறது. வெளிநாட்டில் பழைய மாணவர் எவருமற்ற முல்லைத்தீவுப் பாடசாலைக்கு யார் விருந்து வைப்பார்? உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் இல்லாத மலையகப் பாடசாலைக்கு எந்தச் சங்கம் உண்டு? ஏற்றத்தாழ்வைச் சந்ததிக்குச் சந்ததி கைமாற்றும் வேலையை நாமே, நல்ல மனத்தோடு, சமையற்காரருக்கும் மண்டபத்துக்கும் காசு கொடுத்துச் செய்துகொண்டிருக்கிறோம்.

சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் தை, மாசி மாதங்களில் நடைபெறுவன. அவற்றுக்குச் செல்லும் பெற்றோரும் இளையோரும் இரண்டு தீர்மானங்களை எழுத்தில் கொண்டுசெல்லலாம். இவ்வாண்டு சேரும் பணத்தில் பாதி, வெளிநாட்டில் சங்கமற்ற ஒரு மலையக அல்லது வன்னிப் பாடசாலைக்கு, அங்குள்ள ஆசிரியரும் பெற்றோரும் கேட்கும் தேவைக்கே செல்லவேண்டும் என்பது ஒன்று. விருந்துக்கு அனுசரணை தரும் வணிகர் தமது தொழிலாளருக்குச் சட்டப்படியான கூலி கொடுப்பவர் என்று உறுதி எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது மற்றது. முதலாவது ஒருவேளை நிறைவேறும். இரண்டாவதை முன்மொழியும்போது மண்டபத்தில் யார் யார் தலை குனிகின்றனர், யார் யார் கூச்சலிடுகின்றனர் என்பதைப் பின்வரிசைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பர்.